சோலாருக்குத் தனி எர்த் வேண்டுமா?

வீட்டுக்கு சோலார் போடப் போகிறோம் என்றதும் எர்த் பற்றி வரும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "சோலாருக்குத் தனியா ஒரு எர்த் போட்டுடுங்க, வீட்டு எர்த்தோட சேர்க்காதீங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். புதிதாக வருவதில் ஏதாவது கோளாறு என்றால் அது ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் பரவாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். இந்த அறிவுரையின் முதல் பாதியில் தப்பில்லை. கூடுதலாக ஓர் எர்த் குழி இருப்பது நல்லதே. இரண்டாம் பாதிதான் ஆபத்து. ஏன் என்று புரிய வேண்டுமானால், எர்த் ஒயர் வீட்டில் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மண் மின்சாரத்தை விழுங்குவதில்லை

மின்சாரம் கசிந்தால் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மின்னோட்டம் எங்கேயும் போய்த் தீர்ந்துவிடாது. எங்கிருந்து கிளம்பியதோ அங்கேயே, அதாவது டிரான்ஸ்ஃபார்மருக்கோ ஜெனரேட்டருக்கோ இன்வெர்ட்டருக்கோ, திரும்பி வந்தாக வேண்டும். வழி முழுதாக இருந்தால்தான் ஓட்டமே நடக்கும். திரும்பி வரும் வழிகளில் மண்ணும் ஒன்று. அதுவும் மோசமான வழி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாஷிங் மெஷினுக்குள் ஃபேஸ் ஒயர் உரிந்து, உலோக உடம்பைத் தொட்டுவிட்டது. உடம்பிலிருந்து கிளம்பும் எர்த் ஒயர் மண்ணில் அடித்த கம்பிக்கு மட்டும் போகிறது, வேறு எதனோடும் சேரவில்லை. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 25 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 25 ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி 16 ஆம்பியர் என்றால், அதற்கு இது சாதாரண லோடு, விழவே விழாது. மெஷின் உடம்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், யாராவது ஈரக்கையோடு தொடும் வரை.

அதே எர்த் ஒயர், செம்பு வழியாகவே சப்ளையின் நியூட்ரல் வரை போய்ச் சேர்ந்தால் மொத்தத் தடை அரை ஓம் அளவுக்குக் குறையும். அப்போது பாய்வது 460 ஆம்பியர். எம்சிபி அந்தக் கணமே விழும்.

இப்படிச் செம்பு வழி கிடைக்காமல் மண்ணை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே காப்பாற்றுவது ஆர்சிசிபி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். எர்த் தடை 100 ஓம் இருந்தால்கூட 2 ஆம்பியருக்கு மேல் கசியும், ஆர்சிசிபி விழ அது தாராளம். எர்த் குழிதான் இருக்கிறதே, ஆர்சிசிபி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

இரண்டு எர்த், நடுவில் ஒரு இன்வெர்ட்டர்

எர்த்தின் இன்னொரு வேலை, வீட்டிலுள்ள உலோகங்களை எல்லாம் ஒரே வோல்டேஜில் வைப்பது. ஒரே நேரத்தில் கைக்கு எட்டும் இரண்டு உலோகங்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷாக் அடிக்கும். கருவிகளுக்கும் அப்படித்தான். தனி எர்த் யோசனை சறுக்குவது இங்கேதான்.

பேனல் சட்டங்களின் எர்த் ஒரு குழிக்குப் போகிறது. வீட்டு எர்த் பத்து மீட்டர் தள்ளி இன்னொரு குழியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒயர் தொடர்பு கிடையாது. ஆனால் இன்வெர்ட்டரின் ஒரு பக்கம் பேனலிலிருந்து வரும், ஒரே திசையில் ஓடும் டிசி ஒயர்கள், மறுபக்கம் வீட்டுக்குப் போகும், திசை மாறி மாறி ஓடும் ஏசி ஒயர்கள். டிசியை ஏசியாக மாற்றுவதுதான் அதன் வேலை. பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்குகிறது. நம் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. அதில் ஓர் ஆயிரம் ஆம்பியர் மட்டும் சோலார் குழி வழியாகப் போகிறது, குழியின் தடை 10 ஓம் என்றால், அந்தக் கம்பியும் அதோடு சேர்ந்த பேனல் சட்டங்களும் 10,000 வோல்ட்டுக்கு எழும்பும். வீட்டு எர்த் பழைய இடத்திலேயே நிற்கும். இந்த வித்தியாசம் முழுதும் இன்வெர்ட்டரின் குறுக்கே விழும். அதன் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் தாங்குவது சில ஆயிரம் வோல்ட்தான். அதைத் துளைத்துக்கொண்டு மின்னோட்டம் வீட்டு எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் ரூட்டர், டிவி, மோட்டார் ஸ்டார்ட்டர் எது இருந்தாலும் சரி. பிரித்து வைத்ததாக நினைத்த இரண்டு எர்த்தும் கடைசியில் இன்வெர்ட்டருக்குள்ளேயே சேர்ந்துகொள்கின்றன.

இரண்டு குழிகளையும் தடித்த செம்பால் இணைத்துவிட்டால் வீடு முழுதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வெள்ளம் உயரும்போது ஒரே படகில் இருப்பவர்கள் சேர்ந்தே உயர்வதைப் போல. தூரத்து மண்ணோடு ஒப்பிட்டால் வோல்டேஜ் எகிறியிருக்கலாம், ஆனால் வீட்டுக்குள் எந்த இரண்டு உலோகங்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது.

டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி எடுக்கும் வழக்கமும் உண்டு. எடுக்கட்டும். மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குழிகளை நெருக்கமாக எடுத்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பங்குபோடும், பெரிய பலன் இருக்காது. அடிக்கும் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் நல்லது.

இணைப்பதற்கான இடம் மெயின் போர்டு பக்கத்தில் இருக்கும் ஒரு செம்புப் பட்டை, அதாவது மெயின் எர்த் பார். சப்ளையிலிருந்து வரும் எர்த், குழிகளிலிருந்து வருவது, பேனல் சட்டங்களின் எர்த், இன்வெர்ட்டர் உடம்பு, பேட்டரி ரேக், டிஷ் ஆன்டெனா கம்பம், உலோகத் தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேதான் வந்து சேர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போட்டுக் கொண்டுவரக் கூடாது. நடுவில் ஒரு போல்ட் தளர்ந்தால் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் எர்த் இல்லாமல் நிற்கும். தண்ணீர்க் குழாயை எர்த் பாருடன் இணைக்கலாம், ஆனால் அதையே எர்த்தாக நம்பக் கூடாது. யாராவது ஒருநாள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு போடுவார்கள், எர்த் போயே போய்விடும். எரிவாயுக் குழாயை எர்த் கம்பியாகப் பயன்படுத்துவது எந்தக் காலத்திலும் கூடாது.

மொட்டைமாடியில்

பேனல் சட்டம் அலுமினியம், அதைத் தாங்குவதும் உலோகம், போல்ட் போட்டு இறுக்கியாச்சு, தானாகவே தொடர்பு இருக்குமே என்று தோன்றும். இருக்காது. சட்டத்தின் மேல் அனோடைசிங் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. பார்க்க உலோகம் மாதிரியே இருக்கும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் பேனல் சட்டத்தில் எர்த் குறியிட்ட தனித் துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையில், பூச்சைக் கீறி உள்ளே இறங்கும் பல் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் போட்டு லக்கை, அதாவது ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனையை, இறுக்க வேண்டும். கிளாம்ப்புக்கு அடியில் வைக்கிற, பல் உள்ள எர்த்திங் தகடுகளும் கிடைக்கின்றன.

வெறும் செம்பை அலுமினியத்தின் மேல் நேராக வைப்பதும் தப்பு. மழையில் நனைந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகி, அலுமினியம் அரித்துப்போகும். ஈயம் பூசிய செம்பு லக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. சட்டங்களிலிருந்து இறங்கும் பச்சை-மஞ்சள் ஒயர் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பாக இருப்பது வழக்கம். இடிதாங்கி அமைப்போடும் அது சேர வேண்டியிருந்தால் 16 சதுர மி.மீ.

ஒரு பேனலைக் கழற்றினால் மற்றவற்றின் எர்த் அறுந்துபோகாதபடி இணைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலை முடிந்த பிறகு இதைச் சரிசெய்வது பெரிய தலைவலி.

டிசி பக்கத்தின் குணமே வேறு

இதுவரை சொன்னதில் எம்சிபி விழும், ஆர்சிசிபி விழும் என்ற தைரியம் இருந்தது. பேனல் பக்கம் அந்தத் தைரியம் செல்லாது.

ஒரு பேனலின் வோல்டேஜ் ஏறத்தாழ 40 என்றால், பத்தைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் டிசி. அதை விடுங்கள், பேனலை ஷார்ட் செய்தாலும் பெரிய மின்னோட்டம் வராது என்பதுதான் விஷயமே. வழக்கமாக 13 ஆம்பியர் தரும் பேனல், ஷார்ட் ஆனால் 14 தரும், அவ்வளவுதான். ஃபியூஸ் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. ஏசியில் பொறி பிடித்தால், 50 ஹெர்ட்ஸ் லைனில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசி பொறிக்கு அந்த இடைவெளியே கிடையாது. வெயில் இருக்கும்வரை எரியும்.

இப்போது வீடுகளில் போடும் பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. இவற்றில் பேனலின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் எர்த் செய்யவே கூடாது, சட்டத்தை மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும். டிசி எர்த் என்று போர்டில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நெகட்டிவ் ஒயரை அதில் மாட்டினால் இன்வெர்ட்டர் ஓட மறுக்கும், அல்லது ஒரேயடியாகக் கெட்டுப்போகும். சில வகைப் பேனல்களுக்கு ஒரு முனையை எர்த் செய்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இன்வெர்ட்டர் தேவை. பேனல், இன்வெர்ட்டர் இரண்டின் கையேட்டிலும் இது எழுதியிருக்கும்.

பாசிட்டிவும் நெகட்டிவும் மிதந்துகொண்டிருப்பதால், ஒரு ஒயர் உரிந்து சட்டத்தைத் தொட்டால் உடனே ஒன்றும் நடக்காது, திரும்பும் வழி இல்லையே. இரண்டாவது ஒயர் இன்னோர் இடத்தில் தொடும்போதுதான் சுற்று முழுமையாகித் தீப்பிடிக்கும். அதனால் முதல் கோளாறிலேயே பிடித்தாக வேண்டும். இன்வெர்ட்டர் தினமும் காலையில் ஓடத் தொடங்கும் முன் பேனல் ஒயர்களுக்கும் எர்த்துக்கும் இடையிலான தடையை அளக்கிறது. 1000 வோல்ட் வரை தாங்கும் இன்வெர்ட்டர் என்றால் 33 கிலோ ஓமுக்குக் கீழே போனால் கிரிட்டோடு, அதாவது வெளி மின் லைனோடு, இணையாது, ஐசொலேஷன் ஃபால்ட் என்று காட்டும். ஓடும்போதும் கசிவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திடீரென்று 30 மில்லி ஆம்பியர் கூடினால் 0.3 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

இந்தப் பரிசோதனை எல்லாமே எர்த் ஒயரை வைத்துத்தான் நடக்கிறது. சட்டத்தில் எர்த் இல்லை என்றால், ஒயர் சட்டத்தைத் தொட்டாலும் இன்வெர்ட்டருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஐசொலேஷன் ஃபால்ட் வருகிறது, பத்து மணி வெயிலில் தானாகச் சரியாகிவிடுகிறது என்றால் அதை ரீசெட் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது ஸ்ட்ரக்சர் விளிம்பில் உரசி ஒயர் தோல் உரிந்திருக்கும். எலி கடித்ததாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் இடத்தையே கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். இன்வெர்ட்டரிலிருந்து ஒயர்களைப் பிரித்துவிட்டு, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு, நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு என்று அளப்பார். பத்து பேனல், 400 வோல்ட். பாசிட்டிவ் பக்கம் 280, நெகட்டிவ் பக்கம் 120 காட்டினால், நெகட்டிவிலிருந்து எண்ணி மூன்றாவது பேனலுக்கும் நான்காவது பேனலுக்கும் இடையில் ஒயர் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. அழகான வித்தைதான். ஆனால் 400 வோல்ட் டிசியில் கைவைப்பது அனுபவசாலியின் வேலை. சுவிட்சை அணைத்தாலும் வெயிலில் இருக்கும் பேனலின் வோல்டேஜ் போகாது.

இன்னொரு சங்கதி: கோளாறே இல்லாவிட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பேனலுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கசிவு இருந்துகொண்டே இருக்கும், ஈரத்தில் அது கூடும். எர்த் இல்லாத சட்டத்தைத் தொட்டால் சுர்ரென்று இருப்பது இதனால்தான். இன்வெர்ட்டர் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுவதும் இதனால் இருக்கலாம். பல தயாரிப்பாளர்கள் அந்த லைனுக்கு மட்டும் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போடச் சொல்கிறார்கள். அதற்காக வீட்டு பிளக்குகளைக் காக்கும் 30 மில்லி ஆம்பியரைக் கழற்றிவிடக் கூடாது.

கரன்ட் போனபின் நியூட்ரல் எங்கே?

பேட்டரியும் பேக்கப்பும் உள்ள வீடுகளில் மட்டும் வரும் பிரச்சினை இது. கிரிட் மட்டும் உள்ளவர்கள் தாண்டிப் போகலாம்.

வெளி சப்ளையில் நியூட்ரலையும் எர்த்தையும் டிரான்ஸ்ஃபார்மர் அருகிலோ வீட்டின் நுழைவிலோ ஏற்கெனவே இணைத்திருப்பார்கள். பழுது மின்னோட்டம் திரும்பிப் போவது அந்த இணைப்பு வழியாகத்தான். கரன்ட் போனதும், பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வெளி லைனைத் துண்டித்துவிட்டுத் தானே சப்ளையாக மாறுகிறது. அதன் நியூட்ரலுக்கு இப்போது எர்த்தோடு உறவில்லை. மெஷின் உடம்பில் ஃபேஸ் தொட்டால் கசிவு திரும்ப வழியில்லை, ஆர்சிசிபி இருந்தும் பயனில்லை. இந்த நிலையில் டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு துளையிலும் விளக்கு எரியும். இரண்டு முனையும் எர்த்தோடு ஒப்பிட்டால் பாதி வோல்டேஜில், 115 வோல்ட் அளவில், மிதப்பதுதான் காரணம்.

நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஒரு ரிலே உண்டு. பேக்கப்புக்கு மாறும்போது நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும், கிரிட் திரும்பியதும் பிரித்துவிடும். சிலவற்றில் செட்டிங்கில் அதை இயக்கிவிட வேண்டும், சிலவற்றில் வெளியே கான்டாக்டர் என்ற தனி தானியங்கி சுவிட்ச் போட வேண்டும். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சில விற்பனையாளர்கள் முழிப்பார்கள். கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இணைப்பு இல்லாதது ஒரு தப்பு என்றால், இரண்டு இடத்தில் இருப்பது இன்னொரு தப்பு. கிரிட் இணைப்பு இருக்கும்போதே இன்வெர்ட்டர் பக்கமும் நியூட்ரலை எர்த்தோடு கட்டினால், நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டம் பிரிந்து எர்த் ஒயர் வழியாகவும் ஓடும். ஆர்சிசிபி அடிக்கடி விழும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழு மின்னோட்டமும் எர்த் ஒயர் வழியாகவே ஓடும். உள்ளேயே நியூட்ரலை உடம்போடு கட்டிய ஜெனரேட்டரைக் கூடுதலாக இணைத்தாலும் இதே கதைதான். எந்த நேரத்தில் பார்த்தாலும் எது சப்ளையோ அதன் நியூட்ரல் ஓரிடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும்.

வெளி லைனோடு வரும் எர்த்தை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில், பேக்கப் போடும்போது சொந்தமாக ஓர் எர்த் கம்பி அடித்தே ஆக வேண்டும். லைன் அறுந்தால் அந்த எர்த்தும் கூடவே போய்விடும்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக: ரேக்கையும் உலோகப் பெட்டியையும் எர்த் செய்யுங்கள். பேட்டரியின் ஒரு முனையை எர்த் செய்யலாமா என்பதை இன்வெர்ட்டர் கையேடு மட்டுமே தீர்மானிக்க வேண்டும். 48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். பொதுவாக ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பேனரே உருகும்.

சர்ஜ் ப்ரொடெக்டரும் அதன் ஒயர் நீளமும்

மின்னலின் அலை ஒயர் வழியாக வரும்போது அதை எர்த்துக்குத் திருப்பிவிடுவது சர்ஜ் ப்ரொடெக்டர், அதாவது எஸ்பிடி. டிசி பெட்டியில் ஒன்று, ஏசி பெட்டியில் ஒன்று இருக்க வேண்டும். வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, ஒயர் நீளத்தையும் பார்க்க வேண்டும். மின்னல் போல வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு நேரான ஒயரே ஒரு தடைதான். இந்தக் குணத்தை இண்டக்டன்ஸ் என்பார்கள், ஒரு மீட்டர் ஒயரில் அது ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. மைக்ரோ விநாடிக்கு 1000 ஆம்பியர் வீதம் ஏறும் அலை வந்தால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1000 வோல்ட் நிற்கும். எஸ்பிடி தடுத்த பிறகு மிஞ்சும் வோல்டேஜோடு இதுவும் சேர்ந்து இன்வெர்ட்டருக்குப் போகும். எஸ்பிடியின் இரு பக்க இணைப்பு ஒயர்களும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒயரைச் சுருட்டி மடித்து வைப்பவர்களை அங்கேயே நிறுத்துங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ், எர்த் மூன்று ஒயர்களையும் ஒட்டியே கொண்டுவர வேண்டும். பாசிட்டிவ் ஒரு சுவரோரமும் நெகட்டிவ் இன்னொரு சுவரோரமும் போனால் நடுவில் ஒரு பெரிய வளையம் உருவாகும். தூரத்து மின்னலின் காந்தப்புலமே அதில் வோல்டேஜைத் தூண்டிவிடும்.

இடிதாங்கி ஏற்கெனவே இருந்தால் பேனலை அதிலிருந்து, வீட்டின் அமைப்பைப் பொறுத்துக் கணக்கிட்ட இடைவெளியில் தள்ளி வைப்பது நல்லது. இடமில்லை என்றால் 16 சதுர மி.மீ. செம்பால் இணைத்துவிட்டு, நேரடி மின்னலைத் தாங்கும் டைப் 1 எஸ்பிடி போட வேண்டும். தரைக்குக் கீழே எப்படியும் எல்லாம் சேர வேண்டியதுதான். டிவி கேபிளும் இன்வெர்ட்டரிலிருந்து ரூட்டருக்குப் போகும் நெட்வொர்க் கேபிளும் பலர் மறந்துவிடும் வழிகள். இன்வெர்ட்டர் வெளிக்கட்டடத்தில் இருந்தால் வைஃபையோ ஃபைபரோ வைப்பது மேல்.

வேலை முடிந்ததும் கேட்க வேண்டியவை

பணம் கொடுத்து முடிக்கும் முன், கடைக்கோடிப் பேனல் சட்டத்துக்கும் மெயின் எர்த் பாருக்கும் இடையே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 1 ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். குழியின் தடையை எர்த் டெஸ்டரால் அளந்து எழுதி வாங்குங்கள், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஒருமுறை திரும்ப அளந்து ஒப்பிடலாம். டிசி ஒயர்களின் இன்சுலேஷன் எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பேக்கப் இருந்தால், மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் சப்ளையில் ஓடும்போது சாக்கெட் டெஸ்டரால் ஆர்சிசிபியை விழவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் அதன் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கும். எர்த் இல்லாவிட்டாலும் அது விழும், அதை நம்பி முடிவு செய்ய முடியாது.

பிறகு வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், லக்குகளில் பச்சை பூத்திருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, எஸ்பிடியின் ஜன்னல் சிவப்பாக மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பின்னாளில் இன்வெர்ட்டரை மாற்றவோ பழுதுபார்க்கவோ யார் வந்தாலும், எர்த் ஒயரைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது முதலில் மாட்ட வேண்டும்.